சொல்லுக்கு ஆறு ரூபா

கண்காட்சி கறுவாத்தோட்டத்தில்.
நாற்பத்தொரு படம், நாற்பத்தொரு அட்டை.
ஆங்கிலத்தில் கிடப்பதைத் தமிழாக்கித் தா என்றார்கள்,
சொல்லுக்கு ஆறு ரூபா,
வெள்ளிக்கிழமைக்குள்.

எடோ என்றொரு நகரம்.
பத்து லட்சம் பேர், அடிக்கடி தீ.
இருநூறு வருசத்துக்கு முந்திய அந்தச் சனம்
என் மேசையில்
தண்ணீர் பில்லுக்கும் அரைவாசி தின்ற பணிசுக்கும் நடுவே
ஒருவர் மேல் ஒருவராய்க் கிடந்தது.

முதல் அட்டை சுலபம்.
வேலை முடிந்த தச்சன்
இராக்கடையில் நின்றபடி நூடில்ஸ் உறிஞ்சுகிறான்,
கிண்ணம் பதினாறு காசு.
மருதானையில் கொத்து தட்டுகிற சத்தத்தோடு
அவனை எழுதி முடித்தேன்.

அடுத்தவன் தன்னைவிட உயரமான புத்தக மூட்டையை
முதுகில் கட்டி வாடகைக்குத் திரிகிறான்.
ஒரு வீட்டு வாசலில் ஒருத்தி
கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு
முழுக்காசு தரமாட்டேன் என்கிறாள்.
(அட்டையில் அப்படி இல்லை. அவள் கையை இடுப்பில் வைத்த விதம் அது.)

பதினேழாவதில் தடுக்கினேன்.
மிதக்கும் உலகம்.
இரண்டு சொல், பன்னிரண்டு ரூபா.
களனி ஆறு ஏறிய மே மாதம்
கொலன்னாவையில் என் மச்சாள் வீட்டில்
காஸ் சிலிண்டர், ஒற்றைச் செருப்பு, ரைஸ் குக்கர்
எல்லாம் மிதந்ததை
நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.
இது அதுவல்ல.
இது நாடகக் கொட்டகை, நடிகன் முகம் அச்சடித்த விசிறி,
கடனுக்குக் குடித்த இரவு.
சம்பளம் வந்த கிழமை மட்டும்
தரையை விட்டு ஒரு சாண் எழும்புகிற உலகம்.
அதையெல்லாம் அட்டையில் போட
இடமில்லை.

இருபத்துமூன்று:
ஒன்பதடி அகலம், பன்னிரண்டடி ஆழம், ஒரு குடும்பம்.
ஒரே கூரைக்குக் கீழ் எட்டு வாசல்.
நடுவில் கான், கானின் மேல் பலகை,
கோடியில் பொதுக் கக்கூஸ், பொதுக் கிணறு.
கிணறு என்கிறார்களே தவிர
மண்ணுக்கடியில் மரக்குழாய் வழியே
ஊர்த்தண்ணீர்தான் வந்து நிரம்புகிறது.

அகராதி திறக்கவில்லை.
தோட்டம் என்று எழுதினேன்.

கேதீஸ்வரன் சேர் குரல்பதிவு அனுப்பினார்:
'தோட்டமா? படத்தில் ஒரு செடிகூட இல்லையே, தங்கச்சி.
தொடர் குடியிருப்பு எண்டு போடுங்கோ.'
அது இரண்டு சொல்.
ஆறு ரூபா எனக்கு லாபம்.
நான் கிராண்ட்பாஸில் பிறந்தவள்,
அறுபது வீட்டுக்கு மூன்று பைப்.
திருப்பி எழுதினேன்:
'சேர், கண்காட்சி நடப்பது எந்தத் தோட்டத்தில்?
அங்கே கறுவா எங்கே?'
இரண்டு நீலச் சரி விழுந்தது.
பதில் விழவில்லை.

திறப்பு விழா. பட்டுப் புடவைகள், கிறீன் டீ.
மூன்று மொழியில் தமிழ் கடைசி,
முழங்கால் உயரத்தில்.
குனிந்து பார்த்தேன்.
தோட்டம் இருந்தது, ஆனால் அச்சுக்காரன் ஒரு ட்-ஐத் தின்றிருந்தான்:
தோடம்.
எடோவின் ஏழைகள் எல்லோரும்
தோடம்பழத்துக்குள் குடியிருந்தார்கள்.

பௌசியா ராத்தாவைக் கூட்டிப் போயிருந்தேன்.
எங்கள் தோட்டத்தில் மூன்றாவது வாசல்.
அட்டைப் பக்கம் அவ திரும்பவே இல்லை.
படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றா,
விடியாத கிணற்றடி,
ஆளில்லாத ஒரு மரவாளி.
'கீழ என்ன எழுதியிருக்கு, புள்ள?'
வாசித்தேன்:
கைவிடப்பட்ட வாளி.

'ஆரு கைவிட்ட?'
ராத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தா.
'அது போலிமில நிக்குது.
பொம்பிள புள்ளைக்குப் பால் குடுக்க உள்ள போயிருக்கா.
இப்ப வந்துருவா.'

ஆங்கிலம் சொன்னதை அப்படியே சொன்னவள் நான்.
நாலரை மணிக்கு எழும்பி
எங்கள் சிவப்பு வாளியை வைத்துவிட்டுப்
போய்ப் படுத்தவளும் நான்தான்.

கைவிடப்பட்ட. ஒரு சொல்.
அந்த ஆறு ரூபாவை
யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல்
கிறீன் டீ வரிசையில்
ராத்தாவுக்கு இடம் பிடித்து நின்றேன்.